நாட்டுத் தலைவர்களின் குணமும் விழுமியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வந்துவிட்டால் திண்ணையிலும் டீக்கடையிலும் இதே பேச்சுதான். “அவர் அடித்துப் பேசுவார், அவர்தான் சரி.” “இவர் நல்லவர்தான், ஆனால் ரொம்ப மென்மை, தாங்கமாட்டார்.” ஒருவரின் குரலையும் நடையையும் கோபத்தையும் பார்த்தே நாட்டை அவரிடம் ஒப்படைக்கலாமா என்று தீர்மானித்துவிடுகிறோம். இந்த விஷயத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சுதந்திர இந்தியாவின் தலைவர்கள். அவர்கள் பேசியது, எழுதியது, செய்தது, விட்டது எல்லாம் பதிவில் இருக்கிறது.

குணம், விழுமியம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சட்டென்று கோபப்படுவது, யோசித்து யோசித்து முடிவெடுப்பது, கூட்டத்தைக் கண்டால் உற்சாகமாவது, தனியாக இருந்தால்தான் தெம்பு வருவது, இதெல்லாம் குணம். ஊர்ப்பேச்சில் சுபாவம் என்போம். விழுமியம் என்பது அவர் எதை எதற்கு மேலாக வைக்கிறார் என்பது. இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்ற நாளில் எதைக் கையில் பிடித்திருக்கிறாரோ அது.

1922 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தது. சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீவைத்து 22 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். காந்தி நாடு முழுவதும் இயக்கத்தை நிறுத்திவிட்டார். சிறையிலிருந்த நேருவுக்கும் மற்றவர்களுக்கும் அது பெரிய அதிர்ச்சி. வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பியவர்கள் அவர்கள். காந்தி பிடிவாதக்காரர் என்பது குணம். அகிம்சைக்காக இயக்கத்தையே விடத் துணிந்தது விழுமியம். அவருடைய பிடிவாதம் முன்பே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிடிவாதம் எதன் பக்கம் நிற்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னார் இந்த ‘டைப்’ என்று நாலெழுத்தில் போடுகிறார்களே, நம்பலாமா?

பொழுதுபோக்காகப் படிக்கலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மனிதர்களைப் 16 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆங்கில எழுத்து கொடுக்கும் அந்த முறையை அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும், உளவியலாளர் கார்ல் யுங்கின் கருத்துகளை அடியொற்றி உருவாக்கினார்கள். ஒருவர் தன்னைப் பற்றித் தானே பதில் எழுதும் கேள்வித்தாள் அது. நேருவிடமோ படேலிடமோ யாரும் அதை நீட்டவில்லை. அவர்களுக்கு யாரோ வெளியிலிருந்து போட்ட எழுத்துகள்தான் அவை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த முறை ஆளை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று வெட்டிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறோம். நேரு கூட்டத்துக்குள் பாய்ந்து போகிறவர், மாலையைத் திருப்பி மக்கள் மேலேயே எறிகிறவர். அதே மனிதர் மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்து, அங்கே பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தார். இவரை எந்தப் பெட்டியில் போடுவது? இன்றைய உளவியலில் அதிகம் புழங்குவது ஐந்து பெரும் பண்புகள் என்ற அளவுகோல்: புதியதை ஏற்கும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, அனுசரிப்பு, மனப்பதற்றம். அதில் பெட்டி கிடையாது. ஒவ்வொன்றிலும் யார் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

சரி, ஆய்வாளர்கள் தூரத்திலிருந்து ஒரு தலைவரை எப்படித்தான் படிக்கிறார்கள்?

மூன்று பேரைச் சொல்கிறேன். அமெரிக்க அரசியலறிஞர் ஜேம்ஸ் டேவிட் பார்பர் இரண்டே கேள்வி கேட்டார். இந்த ஆள் பதவிக்கு எவ்வளவு உழைப்பைக் கொடுக்கிறார்? அந்த வேலையை அனுபவித்துச் செய்கிறாரா, அவதிப்பட்டுச் செய்கிறாரா? ஓயாமல் உழைத்து, ஆனால் எப்போதும் யாரோ தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று புழுங்குகிறவர்தான் ஆபத்தானவர் என்றார். அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனை அந்த வகையில் வைத்தார். 1974 ஆகஸ்டில் வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் பதவி விலகியதும் பார்பர் பெயர் எங்கும் பேசப்பட்டது.

மார்கரெட் ஹெர்மன் வேறு வழியில் போனார். மேடைப் பேச்சை நம்பாதீர்கள், அதை எழுதிக் கொடுக்க ஆள் இருக்கும், நிருபர் திடீரென்று கேட்ட கேள்விக்கு வாயில் வந்த பதிலை எடுங்கள் என்றார். அதில் ‘நான்’ எவ்வளவு, ‘நாம்’ எவ்வளவு, மற்றவர்கள் மேல் சந்தேகம் எவ்வளவு, ஒரு விஷயத்துக்குப் பல பக்கம் உண்டு என்ற உணர்வு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் மில்டன் ரோக்கீச். அவர் விழுமியங்களின் ஆள். தலைவர்களின் எழுத்தை எடுத்து, ‘சுதந்திரம்’, ‘சமத்துவம்’ என்ற இரண்டு கருத்தும் எவ்வளவு உயர்வாகப் பேசப்படுகின்றன என்று கணக்கிட்டார். சோஷலிச எழுத்தாளர்களிடம் இரண்டுமே உயரத்தில் இருந்தன. லெனினிடம் சமத்துவம் மேலே, சுதந்திரம் கீழே. அமெரிக்க வலதுசாரி பேரி கோல்டுவாட்டரிடம் அப்படியே தலைகீழ். ஹிட்லரிடம் இரண்டுமே கீழே கிடந்தன. எல்லாத் தலைவர்களும் எல்லா நல்ல சொல்லையும் சொல்லுவார்கள், வேறுபாடு வரிசையில்தான் இருக்கிறது என்பது அவர் காட்டியது.

மனநல மருத்துவர்கள் தலைவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா?

இப்போது சொன்ன கோல்டுவாட்டர்தான் இதற்கும் கதை. 1964இல் அவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றார். ஒரு பத்திரிகை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, “இவர் மனநிலை அதிபர் பதவிக்கு ஏற்றதா?” என்று கேட்டது. பதில் எழுதியவர்களில் 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். அதில் யாரும் அவரை நோயாளியாக உட்கார வைத்துப் பேசியவர்கள் அல்ல. கோல்டுவாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் விதியே கொண்டுவந்தது: நேரில் பரிசோதிக்காமல், அவர் சம்மதம் இல்லாமல், பொதுவாழ்வில் இருப்பவருக்கு நோயின் பெயர் சூட்டக் கூடாது.

நாமும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிடிக்காத தலைவரை ‘சைக்கோ’ என்பது அவரைப் புரிந்துகொள்ளும் வேலையை நிறுத்திவிடுகிறது. நிஜமாகவே மனநோயோடு வாழ்கிறவர்களையும் அது காயப்படுத்துகிறது.

தன் குணத்தைத் தானே அறிந்த தலைவர் யாராவது உண்டா?

நேரு. 1937 நவம்பரில் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் சாணக்கியர் என்று இருந்தது. காங்கிரஸ் தலைவராக நேருவை மறுபடியும் கொண்டுவரலாமா என்ற பேச்சு ஓடிய காலம்.

கட்டுரை ஒரு காட்சியில் தொடங்கும். கூட்டம் ஜே போடுகிறது. நேரு நிமிர்ந்து பார்க்கிறார், கைகள் குவிகின்றன, வெளிறிய முகத்தில் புன்னகை மலர்கிறது. கூட்டம் சிரிக்கிறது. அடுத்த கணம் அந்தப் புன்னகை போய்விடுகிறது, முகம் இறுகிவிடுகிறது. அந்தப் புன்னகைக்குப் பின்னால் நிஜம் எவ்வளவு, நடிப்பு எவ்வளவு என்று கட்டுரை கேட்கிறது. பிறகு பட்டியல் போடுகிறது: மக்கள் செல்வாக்கு, திடமான நோக்கம், பெருமிதம், கடுமை, மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளாமை. ஒரு சர்வாதிகாரிக்கு வேண்டிய எல்லாம் இவரிடம் இருக்கின்றன, இவருக்குக் கடிவாளம் போட வேண்டும், நமக்குச் சீசர்கள் வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

எழுதியவர் நேருவேதான். அது பின்னால்தான் வெளியே வந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. தன் சுபாவம் எங்கே வழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைத் தானே ஊரறியச் சொன்னார். பிரதமரான பிறகு பொறுமையற்ற குணம் போய்விட்டதா? போகவில்லை. எரிந்து விழுவார். ஆனால் 1947 முதல் மாநில முதல்வர்களுக்கு மாதம் இருமுறை என்ற கணக்கில் கடிதம் எழுதினார். தான் என்ன நினைக்கிறேன், ஏன் நினைக்கிறேன் என்று விளக்கினார். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து தன்னைத் திட்டுகிறவர்களைக் கேட்டார். கேரளத்தில் 1959இல் நம்பூதிரிபாட் அரசைக் கலைத்தது போன்ற கறைகள் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 17 ஆண்டுகள் பதவியில் இருந்தவர், முறைப்படி தேர்தல் நடத்தி, அதில் ஜெயித்தே இருந்தார்.

மென்மையான குணம் உள்ளவர் பலவீனமான தலைவரா?

இந்தக் கேள்விக்கு லால் பகதூர் சாஸ்திரியை விட நல்ல பதில் கிடையாது. கதையில் நம் அரியலூரும் உண்டு.

1956 செப்டம்பரில் ஆந்திராப் பக்கம் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. இரண்டரை மாதம் கழித்து, நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. மழை, வெள்ளம், பாலத்தின் பிடிமானம் அரித்துப் போயிருந்தது. உறங்கிக்கொண்டிருந்த 140க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். சாஸ்திரி மறுபடியும் ராஜினாமா எழுதினார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி இதற்குப் பொறுப்பு என்பதால் ஏற்கவில்லை, அரசியல் சாசன நெறிக்கு இது ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த விபத்தைச் சொல்லும்போது சாஸ்திரியை விட ஓ.வி. அழகேசன் பெயர்தான் முதலில் வரும். அவர் அப்போது ரயில்வே துணை அமைச்சர். ‘ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா’ என்று அவரைக் கேட்ட தேர்தல் கோஷம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது.

இப்படி விலகிய சாஸ்திரி குரல் உயர்த்தாதவர், உருவத்திலும் சிறியவர். 1964இல் பிரதமரானபோது ‘இவரா?’ என்று பலர் நினைத்தார்கள். 1965இல் காஷ்மீரில் பாகிஸ்தான் படை முன்னேறியபோது, போரைச் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர்ப் பக்கம் கொண்டுபோக உத்தரவு கொடுத்தது அந்த மெல்லிய குரல்தான். செப்டம்பர் 6ஆம் தேதி படை எல்லை தாண்டியது. உணவுத் தட்டுப்பாட்டில் வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று கேட்டார், மக்கள் கேட்டார்கள். பிரதமராக இருந்தபோது கடன் வாங்கித்தான் ஃபியட் கார் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்த பிறகு அந்தக் கடனை மனைவி லலிதா கட்டினார்.

அவரை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போகவும் மனமில்லை. 1965 ஜனவரி, பிப்ரவரியில் தமிழ்நாடு மொழிப் போராட்டத்தில் எரிந்தது. மாணவர்கள் தெருவில், துப்பாக்கிச் சூடு, சாவு. தில்லியில் சாஸ்திரி தாமதித்தார். சி. சுப்பிரமணியமும் அழகேசனும் ஒன்றிய அரசிலிருந்து ராஜினாமா கொடுத்த பிறகு, பிப்ரவரி 11ஆம் தேதிதான் வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த உறுதிமொழி காக்கப்படும் என்றார். நிதானமான சுபாவம் நம் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் தாமதமாக வந்து சேர்ந்தது.

ஒரே குணம் ஒரு முறை நாட்டைக் காப்பாற்றி, இன்னொரு முறை கெடுக்குமா?

நரசிம்ம ராவ். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று இருப்பவர் என்று அவரைச் சொல்வார்கள். முகத்தில் எதுவும் தெரியாது. பத்துக்கும் மேற்பட்ட மொழி தெரிந்தவர், எந்த மொழியிலும் அதிகம் பேசமாட்டார்.

1991இல் அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. தில்லியைக் காலிசெய்து ஊருக்குப் போகத் தயாராக இருந்தார். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒரு மாதத்தில் ராவ் பிரதமர். அந்நியச் செலாவணி இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கினார். ஜூலை 1ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 3ஆம் தேதி இரண்டாவது முறை. அந்தக் காலையில் ராவுக்குத் தயக்கம் வந்து, நிறுத்தச் சொன்னார். மன்மோகன் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜனைப் பிடிப்பதற்குள் காரியம் முடிந்திருந்தது. ‘குதித்தாயிற்று’ என்பதுதான் ரங்கராஜன் சொன்ன தகவல். அதற்குப் பிறகு ராவ் பின்வாங்கவில்லை. ஜூலை 24ஆம் தேதி பட்ஜெட் நாளன்று, அவர் கையிலேயே வைத்திருந்த தொழில்துறை வழியாக, தொழில் தொடங்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய உரிம முறையின் பெரும்பகுதி சத்தமில்லாமல் போனது. ஆர்ப்பாட்டமாகப் பேசும் ஒருவர் அந்தச் சிறுபான்மை அரசை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

இப்போது 1992 டிசம்பருக்கு வாருங்கள். அயோத்தியில் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. மசூதிக்கு எதுவும் ஆகாது என்று உத்தரப் பிரதேச அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதி கொடுத்திருந்தது. முன்கூட்டியே மாநில அரசைக் கலைக்க ராவ் முன்வரவில்லை. காத்திருந்தார். 6ஆம் தேதி சில மணி நேரத்தில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தொடர்ந்து வந்த கலவரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் செத்தார்கள். அதே அமைதி, அதே காத்திருப்பு, அதே ‘பொறுத்துப் பார்ப்போம்’. ‘நல்ல தலைவனுக்கு இந்தக் குணம் வேண்டும்’ என்று பட்டியல் போடுகிறவர்களிடம் இந்த இரண்டு தேதிகளையும்தான் நான் காட்டுவேன்.

பதவி ஒருவரின் குணத்தை மாற்றுமா? இந்திரா மாறினாரா?

1966இல் இந்திராவை ‘ஊமைப் பொம்மை’ என்றார் ராம் மனோகர் லோகியா. அவையில் பேசவே தயங்கியவர். மூன்றே ஆண்டில் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையைப் பறித்து, 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கி, கட்சியையே பிளந்தார். 1971இல் வங்கதேசப் போர். 1975 ஜூன் 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தல் வெற்றி செல்லாது என்றது, 25ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை.

பொம்மை சர்வாதிகாரியானது என்று சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வயதிலேயே வீட்டில் எல்லாரும் சிறைக்குப் போய்வந்துகொண்டிருக்க, யாரை நம்புவது என்று தெரியாமல் வளர்ந்த பெண். நம்பிக்கையின்மை முதலிலிருந்தே இருந்தது. பதவி அதற்குப் பற்களைக் கொடுத்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1977இல் தேர்தலை அறிவித்தவரும் அவரே, தோற்றதும் இறங்கிப் போனார். அந்த ஆண்டே பீகாரில் பெல்ச்சி என்ற ஊரில் தலித்துகள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆகஸ்டில் மழையில் சாலை கிடையாது, ஜீப் சேற்றில் சிக்கியது. யானை மேல் ஏறி, வெள்ளத்தைக் கடந்து போய் அந்தக் குடும்பங்களைப் பார்த்தார். அரசியல் கணக்கு இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. 1984இல் பொற்கோயில் நடவடிக்கைக்குப் பிறகு, சீக்கியக் காவலர்களை மாற்றிவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அக்டோபர் 31ஆம் தேதி அவர்களில் இருவர் கையில்தான் இறந்தார். எல்லாரையும் சந்தேகித்தவர், மதத்தை வைத்து ஒரு காவலரைச் சந்தேகிக்க மறுத்தார். ஒரே ஆளுக்குள் குணமும் விழுமியமும் சண்டை போடும் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விழுமியம் உறுதியாக இருந்தால் போதாதா?

போதாது. மொரார்ஜி தேசாய் அசைக்க முடியாத கொள்கைக்காரர். மதுவிலக்கு, சிக்கனம், கட்டுப்பாடு. நிதியமைச்சராக 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. செலாவணி மிச்சமாகும், மக்கள் தங்க மோகத்தை விடுவார்கள் என்று மனதார நம்பினார். விடவில்லை. இருபத்திரண்டு காரட் கேட்கும் கல்யாண வீட்டுக்கு 14 காரட்டில் தாலி செய்து கொடுக்க முடியுமா? நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிற்பாடு சட்டமாகவும் ஆன அந்தக் கட்டுப்பாடு 1990இல்தான் முழுவதும் போனது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919இல் மியூனிக்கில் மாணவர்களிடம் பேசும்போது இரண்டு அறங்களைப் பிரித்தார். கொள்கைக்குச் சுத்தமாக நடப்பது ஒன்று. நடந்ததன் விளைவுக்குப் பொறுப்பேற்பது இன்னொன்று. அரசியலுக்கு வருகிறவரிடம் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்றார். மொரார்ஜியிடம் முதலாவது நிறைய இருந்தது.

ராஜாஜி முன்னுக்குப் பின் மாறினாரே, அவருக்கு விழுமியமே இல்லையா?

1938இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியவர், 1960களில் இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1942இல் காங்கிரஸ் முழுவதும் ‘வெள்ளையனே வெளியேறு’ என்றபோது தனியாக எதிர்த்து நின்றார். எண்பது வயதில் காங்கிரஸுக்கு எதிராக சுதந்திராக் கட்சி தொடங்கினார். நிலைப்பாடுகள் மாறின. கூட்டத்தோடு போகாமல் தன் புத்திக்குப் பட்டதைச் சொல்வது என்ற ஒன்று கடைசிவரை மாறவில்லை. அதனால் செல்வாக்கை இழந்தார், அது தெரிந்தேதான் செய்தார். அவருடைய முடிவுகள் பலவற்றை, குறிப்பாக 1953ஆம் ஆண்டின் அரைநேரக் கல்வித் திட்டத்தை, என்னால் ஏற்க முடியாது. விழுமியம் உள்ளவர் என்பதும் சரியானவர் என்பதும் வேறு வேறு.

காமராஜரை எந்த வகையில் சேர்ப்பது?

‘பார்க்கலாம்’ என்ற வகையில். மனு கொண்டுவந்தவரிடம் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். முடியும் என்று வாக்குக் கொடுத்து ஏமாற்றவும் மாட்டார், முடியாது என்று முகத்தில் அடிக்கவும் மாட்டார்.

1954இல் முதலமைச்சரானபோது அமைச்சரவை மொத்தம் எட்டுப் பேர். தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தை அதில் சேர்த்துக்கொண்டார். 1963இல், மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று நேருவிடம் திட்டம் கொடுத்து, அக்டோபர் 2ஆம் தேதி முதலில் தானே இறங்கினார். ஆறு ஒன்றிய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் விலகினார்கள். 1964இலும் 1966இலும் யார் பிரதமர் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தார். அந்த நாற்காலியில் தான் உட்காரவில்லை.

அந்தத் திட்டம் தமிழ்நாட்டுக் காங்கிரஸுக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லுவேன். 1967இல் கட்சி ஆட்சியை இழந்தது. விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் அவரே தோற்றார். கட்சிக்காரர்கள் கொதித்தார்கள், அவர் மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

மன்மோகன் சிங் அமைதியானவர் என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

2008 ஜூலையில் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக ஆட்சியையே பணயம் வைத்தார், நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என்று தப்பித்தார். 2005 ஆகஸ்டில் மாநிலங்களவையில், 1984இல் சீக்கியர்களுக்கு நடந்த கொடுமைக்கு வெட்கித் தலைகுனிகிறேன் என்றார். இரண்டாவது ஆட்சியில் ஊழல் புகார்கள் சூழ்ந்தபோதும் அதே அமைதி இருந்தது. அங்கே அது உதவவில்லை.

அப்படியென்றால் ஒரு வாக்காளராக நான் எதைப் பார்ப்பது?

இழந்ததைப் பாருங்கள். பெற்ற பதவியையும் பேசிய பேச்சையும் விட, எதை, எப்போது, எதற்காக விட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய தடயம். அம்பேத்கர் 1951இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டபோது, இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது ஒரு முக்கியக் காரணம். பெண்களுக்குச் சொத்துரிமை என்பது அவருக்கு மேடைப் பேச்சு அல்ல என்று அந்த ராஜினாமா காட்டியது.

வள்ளுவர் ஒருவரை நம்பிப் பொறுப்புக் கொடுப்பதற்கு முன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கிலும் சோதிக்கச் சொல்கிறார். இன்றைக்கும் இவற்றைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். நியாயம் என்று பேசியது தன் ஆட்களுக்கு எதிராகத் திரும்பியபோது என்ன செய்தார்? பணம் புழங்கும் துறை கையில் இருந்தபோது என்ன ஆனது? சுகமும் புகழும் வந்த பிறகு பழைய ஊர்க்காரர்களிடம் எப்படி இருக்கிறார்? வழக்கு, சிறை, உயிர் பயம் வந்தபோது கட்சி மாறினாரா, நின்றாரா?

பதில் தேட அலைய வேண்டியதில்லை. வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் நாடாளுமன்ற விவாதப் பதிவுகள் இருக்கின்றன. எழுதி வாசித்ததைத் தள்ளிவிட்டு, குறுக்குக் கேள்விக்குச் சொன்ன பதில்களை மட்டும் படியுங்கள். இரண்டு தேர்தலின் பிரமாணப் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது பதவியில் இருப்பவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை?

அவர்கள் எதை விடுவார்கள் என்பது இன்னும் முடியாத கணக்கு. கோப்புகளும் கடிதங்களும் கூட இருந்தவர்களின் நினைவுகளும் வெளியே வந்த பிறகுதான் நேருவையும் ராவையும் இவ்வளவு தூரம் பேச முடிகிறது. 1991 ஜூன் மாதம் நரசிம்ம ராவைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டிருந்தால், வயதான, நோயாளியான, ஆறு மாதம்கூடத் தாங்காத பிரதமர் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.